மலைநாட்டில் சைக்கிளில் வேலைக்கு: வேகத்தையும் நேரத்தையும் கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

நானுஓயாவிலிருந்து நுவரெலியா டவுனுக்கு 8 கிலோமீற்றர்தான். 2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்கு ஏறி, அந்தக் காசைக் கொடுத்தாலும் கிடைக்காமல், பஸ்ஸும் வந்தால் வரும் என்றிருந்த நாட்களில் நானும் ஒரு பழைய சைக்கிளை வாங்கினேன். சைக்கிளின் சராசரி வேகம் மணிக்கு 15 முதல் 20 கிலோமீற்றர் என்று எங்கேயோ படித்திருந்தேன். அப்படியானால் அரை மணி நேரம். ஏழே காலுக்குக் கிளம்பினால் ஏழே முக்காலுக்குக் கடையில் நிற்கலாம். நான் கணக்கு எழுதுவது ஒரு மரக்கறி மொத்தக் கடையில். எட்டு மணிக்கு கரட், லீக்ஸ் மூட்டைகள் தராசுக்கு ஏறும்போது எழுத ஆள் இருக்க வேண்டும்.

முதல் நாள் போய்ச் சேர்ந்தபோது எட்டு பத்து. 55 நிமிடம். செங்குத்தான சில இடங்களில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனேன். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, சுவர்க்கடிகாரத்தை மட்டும் ஒரு தடவை பார்த்தார்.

படித்த எண்ணில் பிழையில்லை. அது சமதரைக்கான எண். நம் பக்கத்தில் கிலோமீற்றரைக் கொண்டு நேரத்தைக் கணக்கிட்டால் ஏமாந்துதான் போவோம். இங்கே ஏற்றத்தையும் எண்ண வேண்டும். எப்படி எண்ணுவது, எண்ணிய பிறகு சைக்கிளில் எதை மாற்றுவது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: சமதரையில் உங்கள் வேகம் என்ன?

உலகத்திலேயே சைக்கிளுக்குப் பேர்போன நகரங்களில் ஒன்று கோபன்ஹேகன். அங்கே சில வீதிகளில் மணிக்கு 20 கிலோமீற்றரில் மிதித்துக்கொண்டு போனால் வரிசையாகப் பச்சை விளக்கே விழும்படி சிக்னல்களை அமைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போகிற சாதாரண ஆள், வியர்த்துக் கொட்டாமல், சமதரையில் எட்டக்கூடிய வேகம் ஏறக்குறைய அதுதான். தூர் த பிரான்ஸ் பந்தய வீரர்களின் சராசரி 40ஐத் தாண்டும். அதை நமக்கு அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

மலைநாட்டிலும் சமதரை இருக்கிறது. கம்பளையிலிருந்து பேராதனைப் பக்கம் மகாவலியை ஒட்டிப் போகிறவர்களுக்கு 16, 18 சர்வசாதாரணம். நுவரெலியாவில் கிரகரி வாவிக் கரையும் அப்படித்தான். இப்படி ஒரு இடத்தில் 2 கிலோமீற்றர் தூரத்தைக் குறித்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். ஒரு நிபந்தனை: பக்கத்தில் ஒருவர் வந்தால் மூச்சிரைக்காமல் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். அந்த மூச்சில் 6 நிமிடம் எடுத்தால் உங்கள் வேகம் 20. எட்டு நிமிடம் என்றால் 15. எதுவானாலும் சரி, கிலோமீற்றருக்கு எத்தனை நிமிடம் என்பதை எழுதி வையுங்கள்: 20க்கு 3 நிமிடம், 15க்கு 4 நிமிடம்.

படி 2: பாதையைத் துண்டு துண்டாக அளந்துகொள்ளுங்கள்

தூரம் எல்லோருக்கும் தெரியும். ஏற்றத்தின் உயரம்தான் யாருக்கும் தெரியாது. ரயில் பாதைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு சுலபமான வழி, ஸ்டேசன் பலகையில் எழுதியிருக்கும் உயரம். நானுஓயா ஸ்டேசன் ஏறத்தாழ 1,613 மீற்றர், நுவரெலியா டவுன் 1,868. ஆக, நான் காலையில் ஏறுவது சுமார் 250 மீற்றர். பண்டாரவளை 1,225 மீற்றர் அளவில், ஹப்புத்தளை 1,430 அளவில். இடையில் 200 மீற்றர்.

ஆனால் இரண்டு முனைகளின் உயரத்தைக் கழித்துப் பார்த்து நின்றுவிடக் கூடாது. கொட்டகலையும் ஹட்டனும் கிட்டத்தட்ட ஒரே உயரம்தான். அதற்காக அந்த ஐந்தாறு கிலோமீற்றர் தட்டையாக இருக்கிறது என்று சொன்னால் அந்த ரோட்டில் மிதித்தவர்கள் சிரிப்பார்கள். இறங்கி ஏறுகிற ஒவ்வொரு பள்ளமும் கணக்கில் சேரும். போனில் ஸ்ட்ராவா போன்ற ஒரு செயலியைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை போய் வந்தால், மொத்தமாக எவ்வளவு ஏறினீர்கள் என்று அது காட்டிவிடும். பத்து இருபது மீற்றர் முன்பின்னாக இருந்தாலும் நம் வேலைக்குப் போதும். சைக்கிளில்தான் போய் அளக்க வேண்டும் என்றில்லை, பஸ்ஸில் போகும்போதும் அளக்கலாம்.

லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து) மெயின் ரோட்டுக்கு வரும் துண்டைத் தனியாக அளந்துகொள்ளுங்கள். ரயில் பாதை போட்டவர்கள் 44 அடிக்கு 1 அடி என்ற சரிவுக்கு மேல் போகாமல் மலையைச் சுற்றிச் சுற்றிப் பாதையைக் கொண்டு வந்தார்கள். தோட்டத்து ரோட்டுப் போட்டவர்களுக்கு அந்த இரக்கமெல்லாம் இருக்கவில்லை. கொழுந்து லொறி ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலைக்கு) ஏறினால் போதும் என்று போட்ட ரோட்டு அது. அந்த ஒரு கிலோமீற்றர், மெயின் ரோட்டின் மூன்று கிலோமீற்றர் தின்கிற நேரத்தைத் தின்றுவிடும்.

படி 3: கணக்கு

நான் கடைப்பிடிக்கும் சூத்திரம் இதுதான்: சமதரை வேகத்தில் கிலோமீற்றருக்கு 3 நிமிடம்; அதோடு, ஏறுகிற ஒவ்வொரு 100 மீற்றர் உயரத்துக்கும் 7 நிமிடம் கூட்ட வேண்டும்.

என் காலைப் பயணம்: 8 கிலோமீற்றருக்கு 24 நிமிடம், 250 மீற்றர் ஏற்றத்துக்கு பதினேழரை. மொத்தம் ஏறத்தாழ 42 நிமிடம். கியர் சைக்கிளுக்கு மாறிய பிறகு நான் எடுக்கும் நேரம் 40க்கும் 44க்கும் நடுவில்தான் இருக்கிறது. பண்டாரவளையிலிருந்து ஹப்புத்தளைக்கு 11 கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டால் 33உம் 14உம் 47 நிமிடம்.

ஏழு எங்கிருந்து வந்தது? 65 கிலோ ஆள், 15 கிலோ சைக்கிளும் பையும், ஆக 80 கிலோ. பேசிக்கொண்டே மிதிக்கிற அளவில் ஒருவரால் 120 வாட் அளவுக்குச் சக்தி கொடுக்க முடியும். 80 கிலோவை 100 மீற்றர் தூக்க அந்தச் சக்திக்கு 11 நிமிடம் பிடிக்கும். ஆனால் ஏற்றத்தில் மெதுவாகப் போவதால் காற்று நம்மை அவ்வளவாகத் தடுப்பதில்லை. சமதரையில் காற்றைத் தள்ளச் செலவான பலம் இங்கே தூக்குவதற்குக் கிடைக்கிறது. அதைக் கழித்துவிட்டால் கூடுதல் 5இலிருந்து 9 நிமிடம் வரை வரும். செங்குத்தாக இருந்தால் கூடும், சாய்வாக இருந்தால் குறையும். நடுவில் 7ஐ எடுத்துக்கொண்டேன்.

அதே 120 வாட்டில் வேகம் எப்படி விழுகிறது என்று பாருங்கள். 100 மீற்றருக்கு 3 மீற்றர் ஏறும் ரோட்டில் மணிக்கு 13 கிலோமீற்றர். 6 மீற்றர் ஏறினால் 8. பத்து மீற்றர் ஏறினால் 5. தள்ளிக்கொண்டு நடந்தாலே 4 வரும்! செங்குத்தான துண்டுகளில் இறங்கித் தள்ளினால் கிலோமீற்றருக்கு 3 நிமிடம்தான் நட்டம், சட்டையும் காய்ந்தபடி இருக்கும். கொழுந்துக்குப் போகிற அக்காமார் சிரிப்பார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்த நாட்கள் எனக்கும் உண்டு. இப்போதெல்லாம் இறங்கிவிடுகிறேன். அவர்கள் அப்போதும் சிரிக்கத்தான் செய்கிறார்கள்.

உங்கள் எடை கூடினால், பையில் 10 கிலோ சுமந்தால், 100 மீற்றருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: சராசரி என்ற பொறி

காலையில் ஏற்றம் மணிக்கு 11.5, மாலையில் இறக்கம் மணிக்கு 20. சராசரி என்ன? இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 16 என்று சொல்லத் தோன்றும். அது தப்பு. போக 42 நிமிடம், வர 24 நிமிடம், 16 கிலோமீற்றருக்கு 66 நிமிடம். அதாவது 14.5. மெதுவாகப் போகிற பக்கத்தில்தான் அதிக நேரம் இருக்கிறோம், அதனால் சராசரியும் அந்தப் பக்கமே சாய்கிறது.

இதில் நமக்கு ஒரு செய்தி இருக்கிறது. ஏற்றத்தில் மணிக்கு 2 கிலோமீற்றர் வேகம் கூடினால் எனக்கு 6 நிமிடம் மிச்சம். இறக்கத்தில் அதே 2ஐக் கூட்டினால் மிஞ்சுவது 2 நிமிடம். இறக்கத்தில் உயிரைப் பணயம் வைத்துப் பறக்கிற பையன்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தனும் கேட்கவில்லை.

செயலி காட்டும் சராசரியையும் அப்படியே நம்ப வேண்டாம். பல செயலிகள் நீங்கள் நின்ற நேரத்தைக் கழித்துவிட்டுச் சக்கரம் சுழன்ற நேரத்துக்கு மட்டும் சராசரி காட்டும். மூச்சு வாங்க நின்றது, லொறிக்கு ஒதுங்கியது, செயின் கழன்றது எல்லாம் அதில் வராது. வேலைக்குப் போகிறவருக்கு வேண்டியது மொத்த நேரம்.

படி 5: கியரை எண்ணுங்கள்

வேகத்தைக் கூட்ட ஆசைப்பட்டு முதலில் காலைத் திட்டாதீர்கள், பல்லை எண்ணுங்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒரு பல்லில் சோக்கால் கோடு போட்டுக்கொண்டு, முன்னால் உள்ள செயின்வீலையும் பின்னால் உள்ள பிரீவீலையும் எண்ணலாம். என் பழைய சைக்கிளில் முன்னால் 44, பின்னால் 18. 44ஐ 18ஆல் வகுத்தால் 2.44. 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.07 மீற்றர் போகும். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் 5 மீற்றர். ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீற்றர் போக நிமிடத்துக்கு 26 சுற்றுத்தான் சுற்ற வேண்டும். கேட்க வசதியாக இருக்கிறது, இல்லையா? மிதித்துப் பார்த்தால் தெரியும்: ஒவ்வொரு மிதிக்கும் முழு உடம்பும் எழும்ப வேண்டும். முழங்கால் மூட்டுக்குள் ஊசி ஏறுவது போல இருக்கும். 55 நிமிடத்தின் ரகசியம் அதுதான்.

ஏற்றத்தில் நிமிடத்துக்கு 60 முதல் 75 சுற்று என்பது முழங்காலுக்கு இதமான அளவு. முன்னால் 28, பின்னால் 28 இருந்தால் ஒரு மிதிக்கு 2 மீற்றரும் கொஞ்சமும். மணிக்கு 8இல் 64 சுற்று. முன்னால் 22, பின்னால் 34 என்றால் ஒரு மிதிக்கு 1.34 மீற்றர்தான், மணிக்கு 6 கிலோமீற்றரில்கூட 75 சுற்றுச் சுற்றலாம். அதனால் பழைய மவுண்டன் சைக்கிள் வாங்கப் போனால் கியர் 18ஆ 21ஆ என்று கேட்காதீர்கள். மிகச் சின்ன முன்பல்லும் மிகப் பெரிய பின்பல்லும் எத்தனை என்று பாருங்கள். முன்னது பின்னதைவிடப் பெரிதாக இல்லாவிட்டால் மலைக்கு ஆகும்.

ஒற்றைக் கியர் சைக்கிள்தான் இருக்கிறது என்றால், பின் பிரீவீலை 22 பல்லுக்கு மாற்றிப் பாருங்கள், ஒரு மிதிக்கு 5 மீற்றர் என்பது 4 சொச்சமாகக் குறையும். டவுனில் வேகம் போகாதுதான். போகட்டும்.

காற்று: பெரிய டயர் என்றால் டயர் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவுக்குள், 45 பிஎஸ்ஐ சுற்றி வையுங்கள். கையால் அமுக்கிப் பார்த்து "சரி, இருக்கு" என்பது போதாது. பாதி காற்றுள்ள டயரோடு ஏறுவது, பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே ஏறுவது போல.

படி 6: இறக்கம்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

சைக்கிள் வாங்கி மூன்றாவது வாரம். மாலை ஐந்தரை, மழை விட்டு ரோட்டில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு முடக்குக்கு (வளைவுக்கு) முன்னால் பிரேக்கைப் பிடித்தேன், சத்தம் மட்டும் வந்தது. வேகம் குறையவில்லை. எதிரே வாகனம் இல்லாததால் ரோட்டின் நடுவைத் தாண்டி அகலமாக வளைந்து, தேயிலைக் கரையில் மோதி நின்றேன். முழங்கையில் காயம், வேறொன்றும் இல்லை. மறுநாள் டவுனில் சைக்கிள் திருத்துகிற ஒருவரிடம் கொண்டு போனேன். சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இதுல எங்க ரப்பர் இருக்கு? இரும்புதான் ரிம்ம அறுக்குது."

"வாங்கும்போது பிரேக் புதுசுன்னு சொன்னாங்கண்ணே."

"வயர் புதுசு. அத சொல்லியிருப்பாங்க."

அன்றிலிருந்து வாராவாரம் பிரேக் கட்டையின் பள்ளங்களைப் பார்க்கிறேன். கட்டையில் வெட்டியிருக்கும் கோடுகள் மறைந்துவிட்டால் மாற்ற வேண்டிய நேரம். சமதரைக்காரர் ஒரு வருடம் ஓட்டுகிற கட்டை, மழைக்காலத்தில் மண்ணும் மணலும் சேர்ந்து அரைக்கிற நம் ரோட்டில் சில மாதம்கூடத் தாங்காது.

நனைந்த ரிம்மை பிரேக் முதலில் துடைக்கத்தான் செய்யும், பிடிப்பது அதற்கப்புறம். எனவே முடக்குக்கு நன்கு முன்பே லேசாக அழுத்தித் தண்ணீரைத் துடைத்துவிட வேண்டும். வேகத்தைக் குறைப்பது முடக்குக்குள் நுழையும் முன். உள்ளே போன பிறகு சடாரென்று அழுத்தினால் சக்கரம் வழுக்கும். நீண்ட இறக்கத்தில் முன், பின் இரண்டையும் மாறி மாறி, விட்டு விட்டுப் பிடியுங்கள். ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறும்.

எவ்வளவு வேகத்தில் இறங்கலாம்? காய்ந்த ரோட்டில், நல்ல பிரேக்கோடு, 25 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு நாயைக் கண்டு நிற்க ஏறத்தாழ 13 மீற்றர் வேண்டும். 40இல் 26 மீற்றருக்கு மேல். நனைந்த ரோட்டில் இன்னும் கூடும். ஆக, கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம்தான் உங்கள் உச்ச வேகம். மூடுபனியில் இரண்டு மின்கம்பத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாத நாளில் 15க்கு மேல் எனக்குத் துணிச்சல் வராது. சூத்திரத்தில் இறக்கத்துக்கும் கிலோமீற்றருக்கு 3 நிமிடமே போட்டது இதனால்தான்.

குறுக்குவழி ஆசையும் வேண்டாம். நானுஓயா ரதல்ல குறுக்குவீதியில் 2023 ஜனவரியில் பஸ்ஸும் வேனும் முச்சக்கரவண்டியும் மோதி ஏழு பேர் இறந்தது நினைவிருக்கும். பெரிய வாகனங்களே தடுமாறுகிற சரிவில் இரண்டு ரப்பர் கட்டையை நம்பி இறங்குவதற்கு, ஐந்து நிமிடம் சுற்றிப் போகலாம்.

படி 7: மாதத்தைப் பார்த்து நிமிடத்தைக் கூட்டுங்கள்

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, நானுஓயாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றின் மழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் டிசம்பரிலும் ஜனவரியிலும் வடகீழ் மழை. ஒக்டோபர், நவம்பரில் இரண்டு பக்கமும் பின்னேரத்தில் இடிமழை. அந்த மாதங்களில் காலைப் பயணம் வழக்கம் போல இருக்கும், திரும்புவதுதான் தாமதமாகும். மழை நாளுக்கு நான் கூட்டுவது 10 நிமிடம். அதில் பெரும்பகுதி இறக்கத்தில் போகும், மீதி ரெயின்கோட்டைப் போட்டுக் கழற்றுவதில்.

ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி விழும் காலைகளில் விரல் மரத்துப்போய் பிரேக்கை உணரவே முடியாது. கையுறை கட்டாயம். ஏற்றத்தில் ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் வையுங்கள், இறங்கும் முன் போட்டுக்கொள்ளுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, வியர்வையோடு காற்றில் இறங்கி, குளிரில் நடுங்குகிறார்கள்.

உயரத்தால் மூச்சு முட்டுமா என்று கொழும்பு நண்பர்கள் கேட்பார்கள். நுவரெலியாவில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். இங்கேயே இருக்கிறவர்களுக்கு அது பெரிதாகத் தெரியாது. கீழேயிருந்து வேலைக்கு மாறி வந்தவர்கள் முதல் சில வாரம் மெதுவாகப் போகட்டும்.

விளக்கு முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. ஆறு மணி தாண்டினால் மலை மறைவில் சட்டென்று இருட்டிவிடும். மூடுபனியில் பகலிலும் போட்டுவிடுங்கள்.

படி 8: மூன்று நாள் ஒத்திகை

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறுமனே போய் வாருங்கள், பாதையைப் படிக்க. அடுத்த இரண்டு தடவை வேலை நாள் காலையில், அதே நேரத்தில், அதே பையோடு. ஸ்கூல் வேன்களும் மரக்கறி லொறிகளும் ஞாயிறன்று இருக்காது, அதனால் அன்றைய நேரத்தை நம்ப முடியாது. வீட்டு வாசல், மெயின் ரோட்டுச் சந்தி, ஏற்றத்தின் உச்சி, வேலையிடம் என்று நாலு இடத்தில் மணி பார்த்து எழுதுங்கள். சூத்திரம் சொன்னதைவிடக் கூடுதல் எந்தத் துண்டில் வருகிறது என்று அதில் தெரிந்துவிடும். எனக்கு அது லயத்துக்கும் மெயின் ரோட்டுக்கும் இடையில் இருந்தது. காரணம் ஏற்றமில்லை, மேல்கணக்கு (தோட்டத்தின் மேல் பிரிவு) லயத்து நாய்கள் இரண்டு. ஒரு வாரம் பாண் துண்டு போட்ட பிறகு அங்கே 4 நிமிடம் மிஞ்சியது.

மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் முழுத் தூரமும் சைக்கிளில் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். கீழ் ஏற்றத்தை பஸ்ஸில் கடந்து, மேலே தெரிந்த கடையில் நிறுத்தி வைத்த சைக்கிளில் மிச்சத்தைப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பேட்டரி சைக்கிள் வாங்க வசதியிருந்தால் ஏற்றத்து வேகம் இரண்டு மடங்காகும், 7 நிமிடம் என்ற கணக்கே மாறிவிடும்.

கடைசியாக, போய்ச் சேர்ந்த பிறகு ஒரு 10 நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் இப்போது ஆறு ஐம்பதுக்குக் கிளம்புகிறேன். ஏழரைக்குக் கடைக்குப் பின்னால் சைக்கிளைச் சாத்திவிட்டு, உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால் தொங்கும் துவாயால் முதுகைத் துடைத்து, பையிலிருக்கும் சட்டையை மாற்றி, ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கும்போது முதல் லொறி பின்னால் எடுக்கும் சத்தம் கேட்கும்.